வனமாமலை கொடுத்த இரண்டாவது ஃபைல்

பி.எஸ்சி. படித்ததை மறைத்துத்தான் வனமாமலை அந்தக் கம்பெனியில் சேர்ந்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இது ஊரறிந்த தந்திரம். உற்பத்தி லைனில் நிற்க வருகிறவன் பட்டதாரி என்று தெரிந்தால் எடுக்க மாட்டார்கள். வேறு வேலை கிடைத்தால் ஓடிவிடுவான், ஓடாவிட்டால் கேள்வி கேட்பான் என்று பயம். அதனால் பட்டச் சான்றிதழை நாங்குநேரி வீட்டிலேயே விட்டுவிட்டு, பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு பஸ் ஏறினான். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன், போகவே இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

காருக்குள் ஓடும் ஒயர்க்கட்டுகளைச் செய்கிற கம்பெனி. வனமாமலை அங்கே டிரெய்னி. பயிற்சிக் காலம் முடிந்ததும் கம்பெனிக்குப் பிடித்தால் நிரந்தரம். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பிள்ளைப்பாக்கத்தில் ஒரே அறையில் அவனோடு தங்கியிருந்த இசக்கிபாண்டியும் அதே லைன்தான். ஞாயிற்றுக்கிழமை இசக்கிபாண்டி துணி துவைத்துக்கொண்டிருப்பான். வனமாமலை ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிரே தேவராஜன் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் இருப்பான்.

கல்லூரி நாட்களில் சாயங்கால வகுப்பில் ஃப்ளாஷ் கற்றிருந்தான். இணையப் பக்கத்தில் படம் அசையும், பேசும், கேள்வி கேட்கும். அதையெல்லாம் செய்கிற மென்பொருள். லைனிலிருந்து தன்னைத் தூக்கிவிடப்போவது அதுதான் என்று நம்பினான்.

ஒருநாள் காலைக் கூட்டத்தில் டிரெய்னிங் ஆபீஸர் சௌந்தர்யா கேட்டாள். “புதுசா வர்றவங்க ஒயரைப் பாதி சொருகிட்டு அனுப்பிடறாங்க. எல்லாப் பிளான்ட்டிலேயும் நம்ம வெப்சைட்டைத் திறந்து பார்க்கிற மாதிரி ஒரு படம் வேணும். யாருக்காவது கம்ப்யூட்டர்ல செய்யத் தெரியுமா?”

வனமாமலை கை தானாக மேலே போனது.

“நல்லா பண்ணுங்க. டிரெய்னிங் ரூமுக்கும் ஒரு ஆள் தேவைப்படுது. பார்க்கலாம்” என்றாள்.

அந்தப் ‘பார்க்கலாம்’ அவனுக்கு வேலை உத்தரவு மாதிரியே கேட்டது.

எத்தனையோ ஞாயிறுகள் அதிலேயே போயின. போன் லைனில் இணையம் இழுக்கிற பிளான்ட்டுகளும் இருந்ததால் படம் கனமாக இருக்கக் கூடாது. போட்டோக்களைத் தூக்கிவிட்டு எல்லாவற்றையும் கோடுகளாக வரைந்தான். மற்ற கம்ப்யூட்டர்களில் தமிழ் எழுத்துரு இருக்காது, எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வரும்; அதனால் ஒவ்வொரு சொல்லையும் உடைத்துப் படமாக மாற்றினான். படத்துக்குக் கை, இசக்கிபாண்டியின் கை. ஒயரைக் கனெக்டரில் செருகு, ‘டிக்’ சத்தம் கேள், லேசாக இழுத்துப் பார், பிறகு கனெக்டரைப் பூட்டு.

“ஏல மலை, என் விரலு இம்புட்டு அழகாவா இருக்கு?” என்றான் இசக்கிபாண்டி.

“அழுக்க வரையல, அதான்” என்றான் வனமாமலை.

வேலை முடிந்து, ஓடுகிற படம் ஒரு ஃபைல், அதைத் திறந்து மாற்றுவதற்கான சோர்ஸ் இன்னொரு ஃபைல் என்று சிடியில் ஏற்றும்போது தேவராஜன் எட்டிப் பார்த்தார்.

“தம்பி, இன்னாத்துக்கு ரெண்டு ஃபைலு? ஓடற ஃபைல மட்டும் குடு. அத்த யாராலயும் பிரிச்சு மாத்த முடியாது. சோர்ஸ் ஃபைலு உன் கையில கீதுன்னாதான் உன்னியத் தேடுவாங்கோ.”

“மறைச்சு வச்சா நல்லாவா இருக்கும், அண்ணே?”

“நல்லாத்தான் இருக்கும். போய்க் குடுத்துப் பாரு.”

லைனில் வேலை செய்த கை அவனுடையது. ஷிப்ட் முடிந்தால் தட்டில் இருப்பதையெல்லாம் ஒப்படைத்து, கேட்டில் பையைத் திறந்து காட்டிவிட்டு வருகிற பழக்கம். ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வது அவனுக்குத் திருட்டாகப் பட்டது. உள்ளூர இன்னோர் ஆசையும் இருந்தது. சோர்ஸைத் திறந்து பார்த்தால், அடுக்கடுக்காகப் பெயரிட்டுத் தான் கட்டியிருக்கிற ஒழுங்கு தெரியும். யார் இந்தப் பையன் என்று கேட்பார்கள். இரண்டு ஃபைலையும் கொடுத்தான்.

படம் வெப்சைட்டில் ஏறியது. சௌந்தர்யா கைகுலுக்கினாள். அதன் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

“மேடம் உனக்கு நாற்காலி போட்டாவளா?” என்று இசக்கிபாண்டி தினமும் கேட்டான். பயிற்சிக் காலம் முடியப்போகிற நேரத்தில் வனமாமலை தானே போய்க் கேட்டான்.

“படத்தை இனிமே சென்னையில ஒரு ஏஜென்சி பார்த்துக்கும், வனமாமலை. நீங்க சோர்ஸ் குடுத்திருந்தீங்களே, அவங்களுக்கு ரொம்ப வசதியாப் போச்சு.”

“டிரெய்னிங் ரூம் வேலை, மேடம்?”

“அதுக்கு டிகிரி கேக்கறாங்க.”

“நான் பி.எஸ்சி., மேடம்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “உங்க ரெக்கார்டுல பிளஸ் டூன்னுதானே இருக்கு? பொய் சொல்லிச் சேர்ந்தீங்களா?”

அவன் கதவுப் பக்கம் திரும்பினான்.

“சரி, நான் எதுவும் கேக்கலை. லைனுக்குப் போங்க” என்றாள். அது இரக்கம்தான். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

பயிற்சிக் காலம் முடிவதற்குள் ஏஜென்சியின் படம் வந்தது. ரேடியோக் குரல், இசை, கடைசியில் ஒரு டெஸ்ட். பழைய ஆள், புது ஆள் என்று பாராமல் எல்லாரும் எழுத வேண்டும். தேறாதவர்களை லைனில் விடமாட்டார்கள். வனமாமலை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். அவன் வரைந்த இசக்கிபாண்டியின் கைக்கு உறை மாட்டியிருந்தார்கள். கை ஒயரைச் செருகியது, ‘டிக்’ கேட்டது, பூட்டியது, பிறகு இழுத்தது. ஓட்டம் அழகாக இருக்க வேண்டும் என்று வரிசையை மாற்றிவிட்டிருந்தார்கள். பூட்டிய பிறகு இழுத்தால் சரியாகப் பிடிக்காத ஒயரும் கையோடு வராது; பாதி சொருகியது தெரியாமலே போய்விடும். எதற்காகப் படம் எடுத்தார்களோ அதுவே போயிற்று.

‘டிக்’ சத்தத்துக்கு அடுத்து என்ன, என்றது டெஸ்ட். ‘இழுத்துப் பார்’ என்பதை அழுத்தினான். தவறு, படத்தை மீண்டும் பார்க்கவும் என்று வந்தது.

எழுந்து போய்ச் சொன்னான். “மேடம், வரிசை தப்பா இருக்கு.”

“ஹெட் ஆபீஸ் ஓகே பண்ணிட்டாங்க. இப்போ மாத்த முடியாது. முடிச்சுட்டு எழுந்திருங்க, பின்னாடி ஆள் நிக்கிறாங்க.”

பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து இசக்கிபாண்டி கிசுகிசுத்தான். “ஏல, பூட்டுன்னு போடுல. அதத்தான் சரிங்குது.”

“ஏல, அது தப்பு.”

“தப்புதாம்ல. நான் போட்டு பாஸாயிட்டேன்.”

வனமாமலை ‘பூட்டு’ என்பதை அழுத்தினான். தேறிவிட்டான்.

லைனில் அவனுக்குப் பக்கத்தில் அன்று புதிதாக ஒரு பெண் நின்றாள். வாலாஜாபாத்திலிருந்து வருகிறவள். படத்தில் பார்த்தபடியே பூட்டிவிட்டு இழுத்தாள். “இப்படித்தானே, அண்ணா?” என்று கேட்டாள்.

அவன் தன் ஒயரை முதலில் இழுத்துப் பார்த்தான். பிறகு பூட்டினான்.

“அப்படித்தான்மா” என்றான்.