முட்டத்துப் பாறைக்குக் கயிற்றில் போனவர்

சென்ற மாசி மாதம் முட்டத்துக்குப் போய்வந்தேன். கலங்கரை விளக்கம் பார்க்கப் போனதாக வீட்டில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் போனது, ஒரு மனிதர் கடலுக்கு மேலே கயிற்றில் நடப்பதைப் பார்க்க. பயாஸ்கோப் எடுக்கும் என் சிநேகிதர் ஒருவர், "ராஜா வேஷமும் வேண்டாம், கதையும் வேண்டாம். நடப்பதை நடந்தபடி எடுக்கப்போகிறேன், வாரும்" என்று கூப்பிட்டிருந்தார். பேசும் படம் வந்துவிட்ட இந்த நாளில், கதையில்லாத ஊமைப் படத்தை யார் பார்ப்பார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காமலேதான் புறப்பட்டேன்.

திருநெல்வேலியில் காலை ஆறு மணிக்கு பஸ் ஏறினால் நாகர்கோவில் சேரப் பதினொன்றாகிறது. நடுவே திருவிதாங்கூர் எல்லையான ஆரல்வாய்மொழிச் சுங்கச்சாவடியில் அரை மணி நேரம் மூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். என் வெற்றிலைப் பையிலிருந்த புகையிலையை முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். நாகர்கோவிலிலிருந்து அம்மாண்டிவிளை வரை வேறு பஸ், திருவிதாங்கூர்க் காசில் ஆறு சக்கரம் கட்டணம். அங்கிருந்து கடற்கரைக்கு மூன்று மைல், மாட்டுவண்டிதான்.

"கயித்துக்காரன பாக்கவா போறிய?" என்று வண்டிக்காரர் கேட்டார். ஆமென்றேன். "அந்த ஆளுக்கு நீச்சலு தெரியாது, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினார்.

கயிற்றுக்காரர் பெயர் தங்கையன். புதுக்கடை என்ற ஊர்க்காரர், நாற்பது வயதிருக்கும், ஒட்டிய வயிறு. சர்க்கஸில் பல வருஷம் கயிற்றில் நடந்து, போதுமென்று விட்டுவந்தவர். "கூடாரத்துக்குள்ள நடந்தா கீழ வலை கெட்டியிருப்பான் சாரே. வலை உண்டுண்ணா எல்லாவனும் நடப்பான்" என்றார். கரையிலிருந்து எழுபது கஜத்தில் ஒரு பாறை நிற்கிறது. அதுவரை கடல்மேல் நடந்துவிட வேண்டும், அதுதான் அவருக்கு ராப்பகல் நினைப்பு. எதற்கு என்று இரண்டு தரம் கேட்டேன். பாறை அங்கே இருக்கிறதே என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

படம் மட்டும் எதற்கென்று சொன்னார். "எம் பெண்சாதி இஞ்ச வரமாட்டா. 'நீரு விழுறத பாக்க எனக்குப் பெலமில்ல, படத்துல காட்டும், பாக்கியேன், படம் ஓடுதுண்ணா நீரு உசிரோட திரும்பி வந்தீருண்ணுதானே அர்த்தம்' எண்ணுட்டா." அந்த அம்மாளுக்குக் காட்டத்தான் இத்தனை ஏற்பாடும். தங்கையன் சாப்பிடுவது, தென்னைகளுக்கிடையே கயிறு கட்டிப் பழகுவது எல்லாம் முன்பே எடுத்தாகிவிட்டது. கடலைக் கடப்பதற்கென்று ஒரே ஒரு சுருள் மிச்சம் வைத்திருந்தார் சிநேகிதர்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நடை. கயிறு ஆடாமலிருக்க இரண்டு பக்கமும் இழுகயிறுகள். அவற்றைக் கரைப்பாறைகளில் நின்று பக்கத்துக்குப் பத்து மீனவர்கள் பிடித்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் சிலுவை என்பவர். காமிராவின் கைப்பிடி சுற்றும் சத்தம் கேட்டதும் தங்கையன் காலெடுத்து வைத்தார். பாதிவரை சும்மா தெருவில் நடப்பதுபோல் போனார். அங்கே நின்று, இடுப்பிலிருந்த சிவப்புத் துண்டை உருவித் தலைக்குமேல் வீசினார். சர்க்கஸ் பழக்கம், துண்டை வீசினால் கைதட்டு விழும்.

முட்டத்தில் கைதட்டு விழவில்லை. கடலில் எவனாவது துணியை உயர்த்தினால் உயிர் போகிறது என்று பொருள், பார்த்தவன் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுக் கட்டுமரத்துக்கு ஓட வேண்டும். இருபது பேரும் இழுகயிற்றைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கயிறு தூளிபோல் ஆடியது. தங்கையன் கடலில் விழுந்தார். இரண்டு மிடறு குடிக்குமுன் அதே இருபது பேர் அவரைத் தூக்கிக் கட்டுமரத்தில் போட்டுவிட்டார்கள்.

"நான் கைதட்டத்தானே வேய் கேட்டேன்" என்று இருமினார் தங்கையன்.

"துணி ஏந்துனா நாங்க பின்ன என்ன செய்ய? கயித்தப் பிடிச்சிட்டு நிக்கவா?" என்றார் சிலுவை.

யார் மேல் தப்பு என்று எனக்கு இன்றுவரை தீர்க்கத் தெரியவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு மீனவர்கள் மறுபடி இழுகயிற்றைப் பிடித்தார்கள். தங்கையன் துண்டைக் கரையிலேயே போட்டுவிட்டுக் கயிற்றோரம் வந்து நின்றார். கைப்பிடிச் சத்தத்துக்காகத் திரும்பிப் பார்த்தார். சிநேகிதர் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார். தங்கையன் நடந்தார். அப்போதுதான் சிநேகிதர் என் காதில் சொன்னார்: "சுருள் காலையிலேயே தீர்ந்துபோச்சு. ஓடினவர்களை எடுத்தே தொலைத்துவிட்டேன்."

கயிற்றில் இருப்பவரைக் கூவி அழைக்க முடியுமா? தங்கையன் பாறையை எட்டிவிட்டார். மீனவர்கள் போட்ட கூச்சலில் எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அவரை ஏற்றிவரச் சிலுவை ஒரு கட்டுமரத்தைத் தள்ளினார்.

பாறையிலிருந்து தங்கையன் கத்தினார்: "படத்துல வந்துட்டா?"

"வந்தாச்சு!" என்றார் சிநேகிதர். வேறென்ன சொல்வார்?

"அப்பம் திரும்பி வாறதையும் எடும்! திரும்பி வந்தாத்தான் அவளுக்குப் போதும்!"

நாங்கள் வாய் திறப்பதற்குள் அவர் கயிற்றில் ஏறிவிட்டார். இப்போது முகம் எங்களைப் பார்த்து, கண் காமிரா மேலேயே. கை நின்றால் அவர் கவனம் சிதறும். சிநேகிதர் அழுதுகொண்டே சுற்றினார். நடுவில் ஒரு காற்று வந்து கயிறு அசைந்தபோது எனக்கு உயிரே இல்லை. தங்கையன் சிரித்துக்கொண்டே வந்து கரையில் இறங்கினார். நேரே வந்து காமிராப் பெட்டிக்கு முத்தம் கொடுத்தார். "இனி அவ பாப்பா" என்றார்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாசி, பங்குனி நல்லது. ஆனி, ஆடியில் அந்தக் கடலுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். பிரிட்டிஷ் ரூபாயை நாகர்கோவிலிலேயே சக்கரமாக மாற்றிக்கொள்ளுங்கள். கடற்கரையில் நின்று மேல்துண்டை வீசி விளையாடாதீர்கள். புதுக்கடைப் பக்கம் போனால் தங்கையனைப் பார்க்கலாம். வெளியூர்க்காரர் யார் வந்தாலும், படம் எப்போது வரும் என்று கேட்கிறாராம். பக்கத்தில் அவர் மனைவியும் வந்து நின்றுகொள்கிறாராம். அவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.