தோல் சீவாத பச்சை ஜூஸ்

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடாது. கொழுந்தன் அவளைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்தே எனக்கு வயிற்றெரிச்சல்தான். பேங்கில் வேலை, ஒல்லி உடம்பு. அவள் வந்தால் மட்டும் மாமனார் சட்டை போட்டுக்கொண்டு ஹாலுக்கு வருவார். நானோ பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு பேக்டரியில் பதினெட்டு வருஷமாக ஷிப்ட் பார்க்கிறவள். அவளிடம் இல்லாத ஒன்றே ஒன்று என்னிடம் இருந்தது. அது பச்சை ஜூஸ்.

ஒரு கிறிஸ்மஸுக்குக் கொழுந்தன் வரியில்லாமல் சரக்கு விற்கும் லங்காவித் தீவிலிருந்து வோட்கா பாட்டில் ஒன்று வாங்கி வந்தார். நிறமும் இல்லை மணமும் இல்லை என்று ஆண்கள் அதைத் தொடாமல் பிராந்திக்கே போனார்கள். பாட்டில் ஒரு வருஷம் எங்கள் ஃப்ரீசரில் மீனோடு கிடந்தது. மறு கிறிஸ்மஸ் மதியம், கோயில் முடிந்து வந்த பெண்கள் நான் போட்ட, மாங்காய் மாதிரி புளிக்கும் கெடண்டோங் காய் ஜூஸைக் குடித்துக்கொண்டே ஆண்களின் கிளாஸைப் பார்த்தார்கள்.

"நமக்கு மட்டும் என்னா வெறும் ஜூஸா?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

பிள்ளைகளுக்கு ஒரு ஜக் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மற்றதில் வோட்காவை ஊற்றினேன். பார்க்க வெறும் ஜூஸ். ஃபாதரே வந்தாலும் பயமில்லை. அன்றிலிருந்து கிறிஸ்மஸ் என்றால் எல்லாரும் என் வீட்டு வாசலில்தான் நின்றார்கள்.

செய்வது சுலபம். பத்துக் காயைக் கழுவி, முள்ளு முள்ளான கொட்டையை விட்டுச் சதையைத் தோலோடு நறுக்கி, ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்ட வேண்டும். 'ஆசாம் போய்' என்கிற, உப்பும் புளிப்புமான உலர்ந்த பிளம் பழம் ஆறேழை சுடுதண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். பிறகு சீனிப் பாகு, லிமாவ் கஸ்தூரி என்கிற குட்டி எலுமிச்சையின் சாறு. கடைசியில் ஒரு டம்ளர் வோட்கா. விஷயம் தோலில் இருக்கிறது. பச்சை நிறம் அதிலிருந்துதான் வருகிறது.

போன ஈஸ்டருக்குச் சிம்பாங் அம்பாட்டில் ஓரகத்தியின் புது வீட்டில் விருந்து. முதல் நாள் போன் செய்தாள்.

"அக்கா, அந்த பச்ச ஜூஸ் எப்படி செய்றது, சொல்லுங்களேன்."

எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். ஒன்றை மட்டும் மாற்றினேன். "தோல நல்லா சீவிறணும்லா. இல்லன்னா கெட்டுப்போயிரும்."

மறுநாள் அவள் ஜக்கைக் கொண்டுவந்தாள். வெளிறிய மஞ்சள் நிறம். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்த கசப்பே இல்லலா இதுல."

"எந்த கசப்பு?" என்றேன்.

"உன்னோடதுல கடைசில நாக்குல நிக்குமே, அது."

இத்தனை கிறிஸ்மஸாக ஒருத்தர்கூட என்னிடம் சொல்லாத கசப்பு. பெண்களெல்லாம் இரண்டாம் தடவை கிளாஸை நீட்டினார்கள். அவளோ எல்லார் முன்னாலும், "அக்கா சொல்லிக் குடுத்ததுதான்" என்றாள்.

இந்தக் கிறிஸ்மஸுக்குச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானும் தோலைச் சீவினேன். சீவிய தோலைப் பழைய பேப்பரில் சுருட்டிக் குப்பைத்தொட்டியின் அடியில் தள்ளினேன். ஜக்கோடு ஹாலுக்கு வந்தபோது அவள்தான் முதலில் எழுந்து வந்து கையில் வாங்கினாள். ஜன்னல் பக்கம் தூக்கி நிறத்தைப் பார்த்தாள்.

"எனக்கு சொன்ன மாதிரியே இந்த தடவ நீங்களும் சீவிட்டீங்க போல, அக்கா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

பிறகு எல்லாரையும் பார்த்து, "அக்காவோட பச்ச ஜூஸ் வந்திருச்சி" என்று கூப்பிட்டு, சிரித்த முகமாகக் கிளாஸ்களில் ஊற்ற ஆரம்பித்தாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.