பிடித்து… விட்ட மீன்

போன செவ்வாய்க்கிழமை நான் ஒரு கொடுவா மீன் பிடித்தேன். அஞ்சு கிலோ இருக்கும்.

போட்டோ எங்கே என்றுதானே கேட்கிறீர்கள்? நீங்களுமா!

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு என் தூண்டில் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பெண் கண்மாய்க் கரையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால், போகிறவர் வருகிறவர் எல்லாம் "வீட்ல எதுவும் பிரச்சினையாம்மா?" என்று விசாரிப்பார்கள். அவளே கையில் தூண்டில் வைத்திருந்தால், "என்னமும் மாட்டுச்சா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தூண்டில் என்பது சும்மா இருப்பதற்கு ஒரு லைசென்ஸ். அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டுதான் நான் பல வருடமாகக் கனவு கண்டுகொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கனவு கண்ட இடம், சாயல்குடியிலிருந்து மாரியூர் போகிற வழியில் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கிராமத்துக் கண்மாய். கடல் பக்கம்தான். காற்று திரும்பினால் பனைகளுக்கு அந்தப் பக்கமிருந்து அலைச்சத்தம் கேட்கும்… அப்புறம் கேட்காது. கேட்டோமா, கேட்டதாக நினைத்தோமா என்று நமக்கே சந்தேகம் வரும். காலை ஏழு மணிக்குத் தண்ணீரும் வானமும் ஒரே நிறம். நடுவில் நாலு கூழைக்கடாப் பறவைகள். அவையும் என்னைப் போலவே, வேலை செய்வதாகப் பாவனை செய்துகொண்டு மிதந்தன.

"வாங்கக்கா. இங்கன உக்காருங்க. அங்கன முள்ளு கெடக்கு, தூண்டி நரம்பு மாட்டிக்கிரும்" என்று இடம் காட்டினார் காசிலிங்கம்.

காசிலிங்கம் மிளகாய் விவசாயி. கண்மாய்க்கு ஊர் வைத்த காவல்காரரும் அவரே. நாலு வருஷத்துக்கு முன்னால் மீன்வளத் துறையிலிருந்து, கண்மாயில் மீன்குஞ்சு விட வந்திருக்கிறார்கள். வழக்கம்போலக் கெண்டைக் குஞ்சு. நம் ஆள் மறித்துக்கொண்டு கொடுவாக் குஞ்சு கேட்டிருக்கிறார்.

"கெண்டையத் தூண்டில் போட்டுப் பிடிக்க எவன்க்கா பெட்ரோல் போட்டு வருவான்? கொடுவான்னா மதுரையிலருந்து கார்ல வருவாய்ங்க."

சோதனையாகப் போட்டுப் பார்க்கலாம் என்று துறையும் ஒத்துக்கொண்டது. ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பைகளில் விரல் நீளக் குஞ்சுகள் வந்து இறங்கின. எல்லாம் ஒரே அளவாகப் பார்த்துப் பொறுக்கியவை. கொஞ்சம் பெரியது கலந்துவிட்டாலும் பக்கத்தில் இருக்கிற தம்பியைத் தின்றுவிடுமாம். சொத்துத் தகராறு இல்லாமலே!

அதற்கப்புறம் காசிலிங்கம் செய்ததெல்லாம் ஊருக்குக் கிறுக்குத்தனமாகப் பட்டது. கோடையிலும் தண்ணீர் நிற்க வேண்டும் என்று மன்றாடி, கண்மாயின் நடுவில் ஆழமாகத் தோண்ட வைத்தார். ஊரே சபிக்கிற சீமைக் கருவேலத்தை வெட்டி, கட்டுக்கட்டாகத் தண்ணீருக்குள் அமுக்கினார். குஞ்சுகள் நீர்க்காகத்துக்குத் தப்பி ஒளிய அது வீடு. திருட்டு வலை போட்டால் கிழிப்பதற்கும் அதுதான். கை நீளத்துக்கு மேல் உள்ள மீன் மாட்டினால் திரும்ப விட்டுவிட வேண்டும் என்று ஒரு சட்டம் வேறு.

சட்டமெல்லாம் சரி. விடுவதற்கு மீன் வேண்டுமே?

முதல் வருஷம் சின்னது சின்னதாகக் கிடைத்ததோடு சரி. அப்புறம் மூணு வருஷமாக ஒரு பெரிய கொடுவாவையும் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. தூண்டில்காரர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். நான் போன அன்று சாயங்காலம் ஊர்க்கூட்டம். முள்ளை எல்லாம் இழுத்துப் போட்டுவிட்டு, கண்மாயை வலை போட்டு மொத்தமாக அரித்துவிடலாம் என்று முக்கால்வாசி முடிவாகியிருந்தது.

"அரிச்சா என்ன? திரும்பக் குஞ்சு விட்டுக்கலாமே?" என்றேன், நகரத்துப் புத்தியோடு.

காசிலிங்கம் தண்ணீரைக் கை காட்டினார். "கொடுவா பொறக்கையில அம்புட்டும் ஆணு. நல்லாப் பெருத்தப்புறம்தான் பொண்ணா மாறுமாம். மீன்வளத் துறை மேடம் சொன்னாக. ஆனா நல்ல தண்ணியில முட்டை போடாது, உப்புத் தண்ணிக்குப் போகணும். ஒரு வருசம் நல்ல மழை பேஞ்சு, கண்மா நெறைஞ்சு மறுகால் பாஞ்சு, ஓடை வழியா… நம்ம கண்மாயிலருந்து ஒரு தாய் கடலுக்குப் போகும்க்கா. கடல்லருந்து எடுத்து எடுத்துத் தின்னுருக்கோம். என்னைக்காச்சும் ஒண்ணு குடுத்திருக்கமா?"

மதுரைக் கார் எல்லாம் ஊரை ஏய்க்கச் சொன்ன காரணம். மனுஷன் உள்ளுக்குள் ஒரு மீனைக் கடலுக்கு வழியனுப்பக் காத்துக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் தூண்டிலுக்குத் திரும்பினேன். நரம்பு நுனியில் கட்டிய பிளாஸ்டிக் மீனை வீசுவதும், மெல்லச் சுற்றி இழுப்பதும், திரும்ப வீசுவதுமாக நேரம் போனது. வெயில் ஏறி, தண்ணீர் மேல் ஒரு நடுக்கம் வந்தது. கூழைக்கடாக்கள் எப்போது போயின என்று தெரியவில்லை. நான் தூங்கவில்லை. ஆனால் முழித்திருந்தேன் என்று சத்தியம் பண்ணவும் மாட்டேன். தண்ணீருக்கு அடியில் கருவேல முட்களுக்குள் யாரோ ஒருத்தி நிதானமாக நடந்து போவது மாதிரி இருந்தது…

கம்பு வளைந்தது.

ரீல் கத்தியது. தண்ணீர் உடைந்தது. வெள்ளியாக ஒன்று முழு உடம்பும் வெளியே வரத் துள்ளி, தலையை 'மாட்டேன், மாட்டேன்' என்று உதறிவிட்டு விழுந்தது. காசிலிங்கம் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். எப்போது குதித்தார்? எத்தனை நிமிஷம் இழுத்தேன்? எதுவும் நினைவில்லை. கடைசியில் கரையோரத் தண்ணீரில் அது சாய்ந்து படுத்து என்னைப் பார்த்தது. வெயில் பட்டு அதன் கண் சிவப்பாகப் பளபளத்தது.

"தூக்குங்க, நான் போட்டோ எடுக்குறேன். மூச்சை அடக்கிக்கங்க. உங்களுக்கு மூச்சு முட்டுதுன்னா அதுக்கும் முட்டுதுன்னு அர்த்தம். உடனே தண்ணியில விட்றணும்!"

மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். கரையில் இருந்த என் போனை எடுத்து அவர் ஒரே ஒரு கிளிக். தண்ணீரில் இறக்கினேன். கொஞ்ச நேரம் என் உள்ளங்கை மேலேயே நின்றது. அப்புறம் வாலை ஒரு அசை… கை காலியாகிவிட்டது.

பிறகுதான் போனைப் பார்த்தோம். காலையில் நான் செல்ஃபி எடுத்துவிட்டு, கேமராவைத் திருப்பாமல் அப்படியே வைத்திருக்கிறேன். பட்டன் போன்காரருக்கு அது எப்படித் தெரியும்? படத்தில் மீன் இல்லை. காசிலிங்கத்தின் முகம் மட்டும், பக்கத்தில், பெரிதாக.

அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு வேட்டியைப் பிழிந்தார். நான் என்னைத் திட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் கோயில் மண்டபத்தில் கூட்டம். நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். ஊர்த் தலைவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"அம்மா, நீங்க பத்திரிகையில எழுதுறவுக. மீனை விட்டீகளா… இல்ல, கதை விடுறீகளா?"

மண்டபமே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. வாரா வாரம் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதுகிறவளுக்கு இது வேண்டியதுதான் என்றும் தோன்றியது.

"பிடிச்ச மீனக் கொண்டாந்து காட்ட வேண்டியதுதானப்பா?" என்றார் இன்னொருவர், காசிலிங்கத்திடம்.

காசிலிங்கம் எழுந்தார். "கொண்டாந்து காட்டிருந்தா செத்துருக்கும். கண்மாயில மீனு இல்லைன்னு நீங்க சொல்றது அப்ப நெசமாயிருக்கும்ல?"

ரெண்டு பேர் தலையாட்டினார்கள். ஆனாலும் யாரும் இறங்கி வரவில்லை. அந்த உப்புக்குப் பெறாத போட்டோவையாவது காட்டுங்கள் என்றார் தலைவர். போன் கை மாறிக் கை மாறிப் போனது. பெண்கள் பக்கம் போனதும் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. அங்கே காசிலிங்கத்தின் மனைவி.

அந்த அம்மா படத்தையே பார்த்தார். கண் ரெண்டும் தெறித்து, கன்னம் உப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு, கன்னத்தில் வழிவது கண்மாய்த் தண்ணீரா வேறெதுவுமா என்று தெரியாத அந்த முகத்தை.

"என் கழுத்துல தாலி கட்டையில கூட இந்த மனுசன் இப்படிப் பாக்கலியே!" என்றார் சத்தமாக. "இந்தாளு எதையோ பாத்துருக்காரு. சும்மா வராது இந்த முழி!"

மண்டபம் திரும்பவும் சிரித்தது. இந்தத் தடவை வேறு மாதிரி. போன் மறுபடி ஒரு சுற்றுப் போனது. இப்போது எல்லோரும் நின்று பார்த்தார்கள். கூட்டிக் குறைத்து எழுதும் என்னை நம்பாத ஊர், கூடப் பிறந்து வளர்ந்தவனின் முழியை நம்பியது. வலை அடுத்த வருஷம் வரைக்கும் தள்ளிப்போனது. காசிலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வெளியே போனார். நல்ல மழைக்கு இன்னும் ஒரு வருஷம் கிடைத்திருக்கிறது அவருக்கு.

மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். தலைவர் யாரோ வெளியூர்க்காரரிடம் ரெண்டு கையையும் அகல விரித்துக்கொண்டிருந்தார். "பதினஞ்சு கிலோ! நம்ம கண்மாயி மீனுங்க!"

அஞ்சு கிலோதான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இனி அந்த மீனுக்கு யாரும் வலை போட மாட்டார்கள். பிடித்தால் எடை குறைந்துவிடுமே!