பாதிப்பாட்டுப் பிறெடி

கொட்டாஞ்சேனையில் ‘பிறெடி’ என்று சத்தமாகக் கூப்பிட்டால் பஸ் ஹோல்ட்டில் நிற்பவர்களில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ‘பாதிப்பாட்டுப் பிறெடி’ என்றால் ஒரே ஒருவர்தான் திரும்புவார். அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு.

கிழமை நாட்களில் அவர் ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் யார்ட்டின் நெட்வேர்க் பொறுப்பாளர். சனி ஞாயிறுகளில், கலியாண வீடுகளில் பைலா ஆட்டப்பாட்டு வாசிக்கும் ‘ஹாபர் ஸ்டார்ஸ்’ பேண்டின் ட்ரம்பெட்காரர். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் மரியாதையான தொழில்கள். ஆனால் பிறெடி எப்போது ட்ரம்பெட்டை உதட்டில் வைக்கிறார் என்பது யார்ட்டின் ரவுட்டருக்கு எப்படியோ தெரிந்துவிடும். அந்த நேரம் பார்த்து அது படுத்துவிடும். ரவுட்டர் படுத்தால் கேட் திறக்காது. கேட் திறக்காவிட்டால் லொறிகள் மெயின் ரோட்டு வரைக்கும் வரிசை கட்டி ஹோர்ன் அடிக்கும். பிறெடி மேடையிலிருந்து இறங்கி ஓடுவார். எத்தனையோ மணமக்கள் பாதி வோல்ட்ஸ் நடனத்தோடு இல்லறத்தைத் தொடங்கியிருக்கிறார்கள்.

பேண்டின் தலைவரும் ட்ரம்ஸ்காரருமான நோபேட்டுக்குப் பொறுமை தீர்ந்தது.

“மச்சான், வெள்ளவத்தைக் கலியாணம்தான் உனக்குக் கடைசிச் சான்ஸ். அதிலயும் இறங்கிப் போனியெண்டா திரும்பி ஏறாத. மட்டக்குளியில ஒருத்தன் இருக்கிறான்.”

“அவன் என்ன பெரிசா ஊதுவான்?”

“முழுப் பாட்டு ஊதுவான்.”

அன்றைக்கே பிறெடி ஒரு விண்ணப்பம் எழுதி மனேஜர் இஸ்ஸதீனின் மேசையில் வைத்தார். தலைப்பு: ‘அவுட்-ஒஃப்-பேண்ட் கொன்சோல் வாங்குதல்’. இஸ்ஸதீன் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பேண்ட்ல இருந்து ஒங்கள வெலக்கிட்டாங்களா பிறெடி? கவலையாத்தான் ஈக்கி. ஆனா அதுக்குக் கம்பனி என்னத்துக்குச் சாமான் வாங்கித் தரணும்?”

“அது வேற பேண்ட் சேர். ரவுட்டருக்குப் பின்னால ஒரு சின்ன ஓட்டை இருக்கு. நெட்வேர்க் செத்தாலும் அதுக்குள்ள கேபிள் குத்தினா ரவுட்டர் கதைக்கும். ஆனா குத்துறதுக்கு ஆள் பக்கத்தில நிக்கோணும்.”

“நீங்கதானே நிக்கிறீங்க.”

“இனி எனக்குப் பதிலா ஒரு பெட்டி நிக்கும் சேர். அதுக்குச் சொந்தமா சிம் இருக்கும். நான் எங்க இருந்தாலும் போன்ல பெட்டியைப் பிடிப்பன். பெட்டி ரவுட்டரைப் பிடிக்கும்.”

“பைபர் தார கம்பனி ஒரு சிம் சும்மா தாராங்க. அதயே போடுங்க.”

“அந்தக் கம்பனி விழுந்தா ரெண்டும் சேந்து விழும். லைஃப்போட்டைக் கப்பலோட சேத்து ஆணி அடிக்கிறதா சேர்?”

துறைமுகத்தோடு பிழைக்கும் மனிதரிடம் இதைவிட வேறு நியாயம் தேவையில்லை. இஸ்ஸதீன் கையெழுத்துப் போட்டார்.

பெட்டி வாங்க பிறெடி நுகேகொடைக்குப் போனார். கடைக்காரர் கேபிள் குத்த நாற்பத்தெட்டு வாயுள்ள ஒரு கறுப்பு இயந்திரத்தைத் தடவிக் காட்டி, “அய்யே, லொகு எக்க கன்ன” என்றார் சிங்களத்தில். பெரியதையே எடுக்கட்டுமாம். யார்ட்டில் பேச்சுக் கொடுக்க வேண்டிய இயந்திரங்களோ மொத்தம் நாலு. மிச்ச நாற்பத்துநாலு வாய்க்கும் யார் தீனி போடுவது? பிறெடி கும்பிட்டு நகர்ந்தார்.

யார்ட் ஸ்டோரில் கிடந்த பழைய கம்பியூட்டரில் யூஎஸ்பி கேபிள்களைச் செருகிச் சமாளிக்கலாமா என்றும் பரீட்சித்துப் பார்த்தார். கம்பியூட்டரின் கணக்கில் ஒரு நாள் முதலாவதாக இருந்த கேபிள் மறுநாள் மூன்றாவதாக எழும்பியது. கரண்ட் போய் வந்தால் அந்தக் கம்பியூட்டர், ‘கீபோர்ட்டைக் காணவில்லை, தொடர ஒரு விசையை அழுத்தவும்’ என்று காணாமல் போன அதே கீபோர்ட்டிடம் விண்ணப்பித்துக்கொண்டு நின்றது. அதைத் திரும்பவும் ஸ்டோரிலேயே படுக்க வைத்தார்.

கடைசியில் சோப்புப் பெட்டி அளவில் ஒன்று அகப்பட்டது. நாலு வாய், சிம் போட ஒரு பிளவு. கூடவே சின்ன பேட்டரி ஒன்றையும் வாங்கினார், கரண்ட் போனாலும் பெட்டி விழித்திருக்க வேண்டுமே. வீட்டு மேசையில் வைத்துப் பார்த்தபோது பெட்டி கிளி மாதிரிக் கதைத்தது. யார்ட்டின் சேர்வர் அறைக்குள் வைத்ததும் ஊமையாகிவிட்டது. அந்த அறையே ஒரு பழைய கொள்கலன். நாலு பக்கமும் இரும்பு, எந்தச் சிக்னலும் உள்ளே வராது. பிறெடி ஏசிக் குழாய் போகும் ஓட்டையால் வயரை வெளியே எடுத்து, கூரைமேல் அன்டெனாவை நட்டார்.

“மெச் பார்க்கவா அண்ணே?” என்று கிரேன்காரர் மேலேயிருந்து கேட்டார்.

“ஓம். சனிக்கிழமை ஃபைனல்.”

சனிக்கிழமை வெள்ளவத்தையில், கடலோர மண்டபத்தில், ஹாபர் ஸ்டார்ஸ் மூன்றாவது பைலாவில் சூடேறிக்கொண்டிருந்தது. பெண்ணின் மாமா ஒருவர் கோட்டைக் கழற்றித் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டிருந்தார். பிறெடியின் நோட்ஸ் ஸ்டாண்டில் இருந்த போன் ஒளிர்ந்தது: இஸ்ஸதீன் சேர். நோபேட்டும் அதைக் கண்டார். ட்ரம்ஸ் குச்சியால் வாசல் கதவைக் காட்டினார். போனால் அப்படியே போய்விடு என்று அர்த்தம்.

பிறெடி போகவில்லை. பாடகர் சரணம் பாடும்போது ட்ரம்பெட்டுக்கு விடுமுறை. அந்த விடுமுறைக்குள் அவர் பெட்டியைப் பிடித்தார். பெட்டி ரவுட்டரைப் பிடித்தது. கரண்ட் போய் வந்ததில் ரவுட்டர் முழுதாக எழும்பாமல் பாதித் தூக்கத்தில் நின்றது. ‘எழும்பு’ என்று யாராவது சொன்னால் போதும், ஆங்கிலத்தில் நாலே எழுத்து. இரண்டு எழுத்து அடிப்பதற்குள் சரணம் முடிந்துவிட்டது.

கர்த்தர் கருணையுள்ளவர். ட்ரம்பெட்டின் மூன்று பொத்தான்களையும் அவர் வலக்கைக்கே கொடுத்திருக்கிறார். பிறெடி வலக்கையால் ஊதிக்கொண்டு இடக்கைப் பெருவிரலால் மிச்ச இரண்டு எழுத்தையும் அடித்தார். ரவுட்டர் எழும்ப எழும்ப, திரையில் வேலிக்கம்பி மாதிரிச் சின்னச் சின்ன அடையாளங்கள் ஒவ்வொன்றாக முளைக்கத் தொடங்கின. வரிசை நடுவில் நின்றால் ரவுட்டர் செத்தது. அவர் ஒருகொடவத்தைக்கு ஓட வேண்டும், மட்டக்குளிக்காரன் மேடைக்கு ஏறுவான். பிறெடியின் கண் திரையை விட்டு அசையவில்லை. பொத்தான்மேல் இருந்த விரலும் அசையவில்லை. அப்போது ஊதிக்கொண்டிருந்த உச்ச சுரம் அப்படியே நின்றது, நீண்டது, இன்னும் நீண்டது.

நோபேட் முதலில் ஆள் மூச்சு முட்டி முடியப்போகிறது என்று பயந்தார். பிறகு, இது ஏதோ புது வித்தை என்று நினைத்து ட்ரம்ஸை உருட்ட ஆரம்பித்தார். ஆடியவர்கள் ஆட்டத்தை விட்டுப் பார்த்தார்கள். மாமா கதிரையில் ஏறினார். பிறெடியின் முகம் மாப்பிள்ளையின் டையைவிடச் சிவந்தது. வேலி முடிந்து, முழுதாக எழும்பிய ரவுட்டர் அவருடைய பெயரைக் கேட்டது. பிறெடி சுரத்தை விட்டார். மண்டபம் எழுந்து கை தட்டியது. மாமா கதிரையோடு விழுந்தார்.

பாட்டு முடிந்ததும் திரும்பவும் போன்.

“கேட் தெறந்திட்டு பிறெடி. அதுக்குள்ள யார்ட்டுக்குப் போய்ச் சேந்திட்டீங்களா?”

“இல்ல சேர். பேண்ட்லதான் இருக்கிறன்.”

நோபேட் ஒரு சோடாவோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த நீண்ட சுரத்துக்குப் பின்னால் இருந்த பெட்டியின் கதையைப் பிறெடியிடம் கேட்டுக்கொண்டார்.

“அடுத்த கிழமை நீர்கொழும்பில கலியாணம். இதே பாட்டு. அந்தப் பெட்டியை இதே இடத்தில விழச் சொல்லு.”

“பெட்டி விழயில்ல மச்சான். விழுந்தது ரவுட்டர்.”

“சரி. அப்ப ரவுட்டருக்குச் சொல்லி வை.”