ஸ்டூரே மாமாவின் முற்றம்

எங்கள் ஏரிக்கரை ஊரில் காட்டைப் பற்றி உருகி உருகிப் பேசக்கூடியவர் ஸ்டூரே லிண்ட்வால். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது நடைச் சங்கத் தலைவர். வசந்தம் வந்தால் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் நின்று, "காடு யார் பேர்ல இருந்தாலும் நாம நடக்கலாம், பழம் பறிக்கலாம், ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கலாம். யாரையும் தொந்தரவு பண்ணாதீங்க, எதையும் பாழாக்காதீங்க, அவ்வளவுதான். ஸ்வீடன்ல பொறந்தவனுக்கு இதைவிட என்ன வேணும்!" என்று கண் கலங்குவார். இலையுதிர்காலத்தில் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான காட்டின் மஞ்சள் காளானில் பாதி அவர் கூடைக்குத்தான் போகும். எதிரே என் அப்பா வந்தால் தொப்பியைத் தூக்குவார். அத்தனை மரியாதை தெரிந்தவர்.

அவருடைய சொர்க்கம் அவர் வீட்டுக்குக் கீழே ஏரியில் இருந்த சின்னக் குடா. வழவழப்பான பாறை, ஆழமான தண்ணீர், சுற்றிலும் ஊசியிலை மரங்கள். மேலே இருக்கும் வீடு அங்கிருந்து கண்ணில் படாது. உடம்பில் ஒரு நூலிழை இல்லாமல் அங்கே தனியாகக் குளிப்பார். சமீபமாகத் துடுப்புப் படகுக்காரர்கள் அந்தக் குடாவைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான், சட்டம் படித்திருக்கிறேன். ஊரில் என் படிப்பை மதித்து முதலில் தேடி வந்தவரும் ஸ்டூரே மாமாதான்.

"தம்பி, வீட்டு முற்றத்துல அந்நியர் வரக் கூடாதுல்ல? முற்றம்னா எத்தனை மீட்டர்?"

"மீட்டர் கணக்கெல்லாம் இல்ல மாமா. வீட்ல இருக்கறவங்களுக்குத் தொந்தரவு ஆகாத தூரத்துல நிக்கணும்."

"அப்போ நான் எங்க வரைக்கும் தொந்தரவு படறேனோ, அங்க வரைக்கும் என் முற்றம்!"

"அப்படி இல்ல மாமா..." என்று நான் இழுப்பதற்குள் அவர் போய்விட்டார். மறுவாரம் ஒரு பைனாகுலர் வாங்கி, மாடி ஜன்னலில் உட்கார்ந்து, மர இடுக்கு வழியாகத் தொந்தரவு பட ஆரம்பித்தார்.

எங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்து 'போ' என்று வாயால் சொல்வது அநாகரிகம். சாமான்களை வைத்துத்தான் சொல்வோம். மாமாவும் குடாவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். பிறகு ஒரு மேஜை. பிறகு துணிக்கொடி கட்டி, அதில் ஒரு சட்டையையும் தொங்கவிட்டார்.

ஜூலையில் ஒரு நாள் அவசரமாக என்னைக் கூப்பிட்டார். "படகு வந்திருக்கு. சாட்சிக்கு நில்லு."

பைனாகுலரில் பார்த்தேன். ஒரு பெண்ணும் ஆணும் இறங்கி நாற்காலிகளைச் சுற்றி வந்தார்கள். வீடு ஏதாவது தெரிகிறதா என்று தேடினார்கள். பிறகு பெரிய சாக்கு ஒன்றை எடுத்தார்கள்.

"மாமா, உங்க முற்றத்தை மடிக்கிறாங்க."

மாமா இறங்கி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

"நல்ல வேளை, வந்தீங்க!" என்றாள் அந்தப் பெண், ஆல்வா. "பாருங்க ஐயா, எவனோ மனசாட்சியே இல்லாம குப்பையைப் போட்டுட்டுப் போயிருக்கான்."

"ஊர்க்காரன் வேலைதான்," என்றான் அவள் கணவன் ஈவர். "வெளியூர்க்காரன் மேஜையைச் சுமந்துட்டா வருவான்?"

ஆல்வா மாமாவின் சட்டையில் குத்தியிருந்த சின்னத்தைப் பார்த்துவிட்டாள். "ஓ, நடைச் சங்கமா! உங்களுக்குத்தான் இது ரொம்ப வலிக்கும்."

நாற்காலி தன்னுடையது என்று மாமா சொன்னால் குடா மிஞ்சலாம். தலைவர் பதவி மிஞ்சாது.

"சே, என்ன ஜனங்களோ," என்றார் மாமா.

அவரே போய்த் தன் காரில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு வந்தார். நால்வரும் சேர்ந்து ஏற்றினோம். துணிக்கொடியை மாமாவே அவிழ்த்துச் சுருட்டினார்.

"இந்தச் சட்டை உங்களுக்குச் சரியா இருக்கும் போலிருக்கே," என்றான் ஈவர். "குப்பைல போட்டா வீண். வெச்சுக்கோங்க."

மாமா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

குப்பை நிலையத்துக்குப் போய்விட்டு நாங்கள் திரும்பியபோது, மேஜை இருந்த இடத்தில் கூடாரம் நின்றது. துண்டோடு மரத்துக்குப் பின்னால் தயங்கிய மாமாவைத் தண்ணீரில் இருந்த ஆல்வா கவனித்துவிட்டாள்.

"வாங்க ஐயா, கூச்சப்படாதீங்க! இங்க எல்லாருக்கும் உரிமை இருக்கு."

"அதான், அதான்," என்று சொல்லிவிட்டு மாமா நீச்சல் கால்சட்டை தேட வீட்டுக்கு ஏறினார். அப்படி ஒன்று அவரிடம் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது.