பனிக்கடியில் எங்கள் கிணற்றுத் தண்ணீர்

பேய், சகுனம் எதையும் நான் நம்பியவன் இல்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான், படித்தும் அதையெல்லாம் நம்பினால் படித்தது எதற்கு என்று நினைக்கிறவன். இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

சூடாகிவரும் கடல் தென்துருவப் பனியை அடியிலிருந்து எப்படிக் கரைக்கிறது என்று திருப்பதியில் ஆராய்ச்சி செய்கிறேன். அங்கே பனிக்கடியில் எங்கள் கருவி ஒன்று தொங்குகிறது, தண்ணீரின் சூட்டையும் உப்பையும் அளந்து இங்கே அனுப்பும். கப்பலேற்றும் முன் சோதிக்க எங்கள் ஆய்வுக்கூடத்துத் தொட்டி சரியில்லாததால், சொந்த ஊரான பாலசமுத்திரத்துக்கு எடுத்துப்போய் எங்கள் கிணற்றில் இறக்கிப் பார்த்தேன். கயிற்றைப் பிடித்து இறக்கியவர் என் அப்பா, நைனாதான்.

போன மே மாதம் ஒரு மத்தியானம். எப்போதும் பூஜ்யத்துக்குக் கீழே காட்டும் கருவி திடீரென்று இருபத்தெட்டு டிகிரி என்றது, உப்பு துளிகூட இல்லை என்றது. கூட வேலை செய்யும் ஸ்ராவணி எட்டிப் பார்த்து, "ஏமி பாபு, பெங்குயின் குளிக்க வெந்நீர் போட்டாங்களா? கருவி போச்சு, அந்த வரிய அழிச்சிடு" என்றாள். நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த எண்கள் எனக்கு மனப்பாடம், எங்கள் கிணற்றில் எடுத்தவை.

ஏனென்று தெரியாது, வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்தாள்.

"நைனா எங்க?"

"மோட்டாரு பைப்பு அடியில ஃபுட்வால்வு அடைச்சிக்கிச்சின்னு கெணத்துல எறங்கிக்கினு கீறாரு. சோறு துன்னுட்டு எறங்குன்னேன், கேட்டாத்தான!"

"போய்ப் பாரும்மா, இப்பவே!"

போனோடு ஓடினாள். அப்புறம் அவள் அலறல், பக்கத்து நிலத்து ஆட்கள் ஓடிவரும் சத்தம். நைனா கால் நழுவிக் கழுத்தளவு தண்ணீரில் பைப்பைக் கட்டிக்கொண்டு, குரலும் எழும்பாமல் இருந்தாராம். கயிறு போட்டுத் தூக்கினார்கள். அதற்குள் கருவி பழையபடி குளிரைக் காட்டிக்கொண்டிருந்தது.

சாயந்திரம் போய்ச் சேர்ந்தபோது அந்த வெயில் காலத்தில் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"தண்ணி திடீர்னு ஐஸா ஆயிடிச்சிடா. காலு மரத்துப் பூட்ச்சி."

"பயத்துல அப்பிடி இருந்திருக்கும் நைனா."

"ஆமா, நீ தெக்கால பனியப் பாத்தவன். நான் பயந்தாங்கொள்ளி."

கிணற்று நீரை அளந்தேன், எப்போதும்போல நல்ல தண்ணீர்தான். கொடியில் காய்ந்த அவர் லுங்கி மட்டும் அட்டைபோல விறைத்து வெள்ளை பூத்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன், கரித்தது. வியர்வை என்பீர்கள், இருக்கட்டும். அதை அலசின தண்ணீரை அம்மா கீரைப் பாத்தியில் கொட்டினாள். பாத்தி கருகிப்போனது. இன்றுவரை அங்கே ஒரு புல்கூட முளைக்கவில்லை.