பக்கத்து வீட்டு லெப்டினன்ட்

ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிப் போன முதல் மாரிகாலம் அது. பார்க்டேலில் ஒற்றை அறையில் தொடங்கிய எங்கள் கனடா வாழ்க்கை, நான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு, மகன் வீட்டுக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்ற ஆசையில் அங்கே வந்து நின்றது. எல்லாம் புது வீடுகள். ஒன்றைப்போல ஒன்று. இரவு பெய்த பனியை நான் முன்வாசலில் வழித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். மனைவி கதவைப் பாதி திறந்து, "காணும், உள்ள வாங்கோ. மிச்சத்தை நாளைக்குப் பாக்கலாம்" என்றாள்.

அப்போது பக்கத்து வீட்டுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"நாளைக்கு ரயில் வரும்."

திரும்பிப் பார்த்தேன். திறந்து கிடந்த கராஜுக்குள் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கதிரையில் இருந்தார். கழுத்துவரை கம்பளி. காதை மூடிய தொப்பி. வயது நூறுக்குக் கிட்டத்தான் இருக்கும். அவர் வாயிலிருந்து வந்தது தமிழ்தான் என்று நம்ப எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. இரண்டாவது தடவையும் அதையே சொன்னார், ஸ்டேஷன் மாஸ்டர் அறிவிப்பதுபோல, ஒவ்வொரு சொல்லாக.

உள்ளிருந்து அவருடைய மகள் வந்தார். எழுபது வயதை நெருங்கியவர், ஓய்வுபெற்ற தாதி. அப்பா சில வேளை இப்படி ஏதோ சொல்லுவார், பர்மியப் பாஷை என்று நினைக்கிறோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். அது என் பாஷை என்று சொன்னேன். சொற்களின் பொருளையும் சொன்னேன். அவர் தகப்பனைத் திரும்பிப் பார்த்த பார்வை, இத்தனை காலமும் வீட்டில் இருந்த ஒரு பெட்டியில் பூட்டு இருந்ததை இப்போதுதான் கண்டதுபோல இருந்தது.

தேநீருக்கு வரச் சொன்னார்கள். அந்த மாரி முழுவதும் வாரத்தில் இரண்டு மூன்று பின்னேரங்கள் நான் அங்கே போனேன். பனிக்குள் வேறெங்கே போவது? கிழவருக்குக் கண் மங்கல். காதுக்குக் கருவி. ஆனால் பேச்சு தெளிவு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவார், மறந்ததை மறந்துவிட்டேன் என்பார். அதனால்தான் அவர் சொன்ன மற்றவற்றை நான் நம்பினேன்.

அவர் இங்கிலாந்தில் ஒரு சிறு பட்டினத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு பட்டாளத்தில் சேர்ந்து, லெப்டினன்ட் ஆகி, கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து பர்மாப் போர்முனைக்குப் போனார். முப்பது காலாட்படை வீரர்களுக்கு அவர் பொறுப்பு. பலர் அவரைவிட வயதில் மூத்தவர்கள், பிள்ளைகுட்டிக்காரர். அவர்களைச் சாகவிடாமல் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவதுதான் தன் வேலை என்று நினைத்துக்கொண்டு போனாராம். அது தன் கையில் இல்லை என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது.

ஓர் ஆற்றைக் கடந்ததை மட்டும் அவர் பல தடவை சொன்னார். அகலமான ஆறு. கான்வஸ் துணியில் செய்த படகுகள். அவருடைய படகு ஒழுகியது. சார்ஜன்ட் தன் இரும்புத் தொப்பியால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே, பயந்துபோயிருந்த இளைஞர்களுக்காக ஒரு பகிடிக் கதை சொல்லத் தொடங்கினார். ஒரு பாதிரியாரும் குதிரையும் வரும் கதை. கதை முடிய முன்னர் அக்கரையிலிருந்து துப்பாக்கிச் சூடு விழத் தொடங்கியது. சார்ஜன்ட் கரை சேரவில்லை.

"அந்தப் பகிடி எப்படி முடிகிறதென்று பிறகு எத்தனையோ பேரிடம் கேட்டேன்," என்றார் கிழவர். "ஒருவருக்கும் தெரியவில்லை."

போர் முடிந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. மலேரியா வந்து வந்து போய் உடம்பில் சதையில்லை. வீட்டுக்குக் கப்பல் ஏற்றுவார்கள் என்று காத்திருந்தவரை விமானத்தில் ஏற்றிச் சயாமுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு முகாமைக் கொடுத்து, இவர்களைப் பார்த்துக்கொள் என்றார்கள்.

முகாமில் இருந்தவர்கள் தமிழர்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில்பாதை போட ஜப்பானியர் கொண்டுபோன கூலிகள். கொண்டுபோனவர்களில் எத்தனையோ பேர் காட்டிலேயே கொலராவிலும் பட்டினியிலும் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்கள் தோட்டத்துக்குத் திரும்புவதற்கு ரயில் பார்த்துக்கொண்டு மூங்கில் குடிசைகளில் கிடந்தார்கள். பாலங்கள் உடைந்திருந்தன. எஞ்சின்கள் இல்லை. எப்போது ரயில் என்று கிழவருக்கும் தெரியாது, அவருக்கு மேலே இருந்தவர்களுக்கும் தெரியாது.

தோட்டமொன்றில் கிளார்க்காக இருந்த ஒருவருக்கு ஆங்கிலம் தெரியும். அவர்தான் மொழிபெயர்ப்பாளர். ரயில் எப்போது என்று எல்லோரும் கேட்கிறார்களே, என்ன சொல்வது என்று லெப்டினன்ட் கேட்டபோது, அவர்தான் அந்த ஒரு வசனத்தைப் பழக்கிவிட்டார். ஒவ்வொரு காலையும் லெப்டினன்ட் குடிசைகளுக்கு நடுவே நடந்து அதைச் சொல்லுவார். நாள் போகப்போக, இவர் வாயைத் திறக்கமுன் அவர்களே அதைச் சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார்களாம். ஒரு கிழவன் அவரைக் கண்டால் கூ என்று எஞ்சின்போல ஊதிக் காட்டுவான்.

"அவர்கள் சிரித்தது எனக்குப் பெரிய உதவி," என்றார். "காட்டில் அத்தனை மாதமும் ஒருவரும் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை."

இந்தக் கதையை வீட்டில் சொன்னபோது என் மனைவி அரிசி கழுவிக்கொண்டு நின்றாள். "வவுனியா அகதி முகாமில எங்களுக்கும் நாளைக்கு பஸ் எண்டுதான் சொன்னவங்கள்," என்று மட்டும் சொன்னாள்.

மாசி மாதத்தில் ஒரு பின்னேரம் கிழவர் என்னிடம் ஒன்று கேட்டார். அதைக் கேட்பதற்காகத்தான் இவ்வளவு நாளும் என்னைக் கூப்பிட்டாரோ என்று பிறகு யோசித்தேன்.

முகாம் சமையலுக்குப் பொறுப்பாக ஒரு பெண் இருந்தாள். நடுத்தர வயது. புருஷனையும் இரண்டு மகன்களையும் ரயில்பாதையில் பறிகொடுத்தவள். அவள் குரல் கேட்டால் அரிசி மூட்டை தூக்குகிறவர்கள் ஓடுவார்களாம். ஒரு கட்டத்தில் முகாமில் மறுபடி கொலரா தலைகாட்டியது. பழைய குடிசைகளை எரிக்கச் சொல்லி வைத்தியர் சொன்னார், லெப்டினன்ட் உத்தரவிட்டார். அவளுடைய குடிசையும் அதில் ஒன்று. புருஷனுடைய வேட்டியும் மகன்களுடைய சட்டைகளும் கட்டிவைத்த ஒரு மூட்டை அதற்குள் இருந்தது அவருக்குப் பிறகுதான் தெரியும். நெருப்பு அணையும்வரை அவள் நின்று பார்த்தாள். அடுத்த நாளும் வந்து சமைத்தாள்.

அதற்குள் முதல் ரயில் வந்து பாதிப் பேரை ஏற்றிப் போயிருந்தது. மொழிபெயர்ப்பாளரும் அதில் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று லெப்டினன்ட் நினைத்தார். அவரிடம் இருந்தது ரயிலைப் பற்றிய ஒரு வசனம் மட்டும்.

இரண்டாவது ரயில் வந்த அன்று அவள் பெட்டியில் ஏறியபின் திரும்பவும் இறங்கி வந்தாள். அவருடைய கையைப் பிடித்தாள். கோபம்போல இருந்தது முகம். ஏதோ சொன்னாள். எஞ்சின் ஊதியது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். அவ்வளவுதான்.

அவள் சொன்னதன் கடைசிப் பகுதியை அவர் எழுபது வருடத்துக்கு மேலாகத் தலைக்குள் வைத்திருந்தார். போருக்குப் பிறகு கனடா வந்து, வட ஒன்ராறியோவின் சுரங்கப் பட்டினங்களில் நில அளவையாளராக வேலை செய்தவர். அங்கே தமிழர் இல்லை. ஒருமுறை ஓர் இந்திய வைத்தியரிடம் கேட்டார், அவர் பஞ்சாப்காரர். பிறகு ரொறன்ரோவில் தமிழர் பெருகிய காலத்தில், கேட்கப் பயமாகிவிட்டது. சாபமாக இருந்தால்?

"சொல்லுங்கோ," என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "ஒங்கட்டா பாட்டா அலுவா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். உங்கட பாட்டா அல்வா. எங்கள் ஊர்ப் பேச்சில் பாட்டா என்றால் தாத்தா. உங்களுடைய தாத்தா அல்வா. இதை நான் எப்படி அவரிடம் சொல்வது? யோசித்துச் சொல்கிறேன், ஆனால் சாபம் மாதிரி இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரவுச் சாப்பாட்டில் இதை மனைவிக்குப் பகிடியாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ. அவர் சொன்ன மாதிரியே."

சொன்னேன்.

"நாளைக்கு நானும் வாறன்," என்றாள்.

என் மனைவியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். அவள் மலையகத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடொன்றில் பிறந்தவள். அவளுடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தவர்கள். மலாயாத் தோட்டங்களுக்குப் போனவர்களும் அதே ஊர்களிலிருந்து போனவர்கள்தான். இனக் கலவரத்துக்குப் பிறகு அவளுடைய குடும்பம் வடக்கே வன்னிக்கு வந்து குடியேறியது. அங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். கொஞ்சக் காலத்தில் அவள் எங்களைப்போலவே பேசப் பழகிக்கொண்டாள். நான் கல்யாணம் செய்தபோதே அவள் வாயில் யாழ்ப்பாணத் தமிழ்தான். அவளுக்கு வேறொரு தமிழ் இருந்தது எனக்குத் தெரியும், ஆனால் நான் அதைக் கேட்டதில்லை.

மறுநாள் அவள் கிழவருக்கு எதிரில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆங்கிலம் பேச அவளுக்குக் கூச்சம். என்னைக் கேட்கச் சொன்னாள். அந்தப் பெண் அதைச் சொல்லும்போது கையை எப்படிப் பிடித்தாள்?

கிழவர் யோசித்தார். பிறகு, பிடிக்கலாமா என்று கேட்டுவிட்டு, என் மனைவியின் மணிக்கட்டைத் தன் பெருவிரலாலும் நடுவிரலாலும் வளையம்போலச் சுற்றிப் பிடித்தார். இரண்டு தடவை உலுக்கினார்.

மனைவி தலையாட்டினாள். கையைத் திருப்பி, இப்போது அவருடைய மணிக்கட்டை அதேபோலச் சுற்றிப் பிடித்தாள். நான் முன்பின் கேட்டிராத ஒரு குரல் அவளிடமிருந்து வந்தது. உரத்த, நீட்டி இழுக்கிற குரல்.

"எலும்பும் தோலுமா கெடக்கியே, ஒங்காத்தா பாத்தா அழுவா."

கிழவரின் தலை நிமிர்ந்தது. மறுபடி சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். முன்பகுதி நினைவில்லை என்றார். பின்பகுதி அதுவேதான் என்றார். இழுவையும் அதுவேதான்.

நான் மொழிபெயர்த்தேன். எலும்பும் தோலுமாக இருக்கிறாயே, உன் அம்மா பார்த்தால் அழுவாள்.

மகள் கையில் கேத்தலோடு சமையலறை வாசலில் நின்றார்.

"அப்போ என்னைத் திட்டவில்லையா?" என்று கிழவர் கேட்டார்.

"திட்டினதுதான்," என்றாள் மனைவி. "தாய் திட்டுற மாதிரி."

குடிசை எரித்ததை அவள் மன்னித்துவிட்டாள் என்று அர்த்தமா என்று கேட்டார். நல்லதாக ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று நான் மனைவியைப் பார்த்தேன்.

"அதை அவ மறந்திருக்கமாட்டா எண்டு சொல்லுங்கோ. ஆனா அண்டைக்கு அவவின்ர கண்ணில பட்டது இவரின்ர கைதான்."

அதையும் அப்படியே சொன்னேன். கிழவர் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். கப்பலில் வந்து, ரயிலில் ஊருக்குப் போய் இறங்கியபோது அவருடைய அம்மா பிளாட்பாரத்தில் நின்றாராம். மகன் முன்னால் போய் நின்றும் அடையாளம் தெரியாமல் அவருக்குப் பின்னால் வந்தவர்களை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அம்மா என்று இவர் கூப்பிட்டபிறகுதான் திரும்பினார்.

"அழுதாரா?" என்றேன்.

"அழுதாள். கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்," என்றார். பிறகு சிரித்தார். கண்ணிலும் தண்ணீர் வந்தது, ஆனால் சிரிப்புத்தான். மகளைப் பார்த்து, "அந்தப் பெண்ணுக்கு என் அம்மாவைத் தெரிந்திருக்கிறது பார்," என்றார்.

அதன்பிறகு அங்கே போவது என் வேலையாக இருக்கவில்லை. மனைவிதான் போனாள். அவள் ஆங்கிலம் உடைந்த ஆங்கிலம், அவர் காது பாதிக் காது. எப்படியோ இருவருக்கும் பேச்சு ஓடியது. முகாமில் அந்தப் பெண் என்ன சமைத்தாள் என்று அவர் சொல்லுவார், இவள் இன்னதாகத்தான் இருக்கும் என்று ஊகித்துச் செய்துகொண்டு போவாள். புளி கூடிவிட்டது, அவள் வைத்ததில் இவ்வளவு புளி இல்லை என்று அவர் குறை சொல்வதும் உண்டு. பனி கரையத் தொடங்கியபோது அவருடைய கன்னத்தில் சற்றுச் சதை பிடித்திருந்தது என்று மகள் சொன்னார். வரும் ஆவணியில் பிறந்தநாள் பெரிதாகச் செய்யப்போகிறார்களாம். பந்தல்போல ஒன்று போட ஆள் தெரியுமா என்று என்னிடம் விசாரித்தார்.

சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் வந்திருந்தான். மேல்மாடியில் மனைவி, மலையகத்திலேயே தங்கிவிட்ட, ஹற்றனில் இருக்கும் தன் அக்காவோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். வழக்கமாகக் கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசுகிறவள். அன்று கதவு திறந்து கிடந்தது. "ஏய் அக்கா, நீ கேளு மொதல்ல, நான் சொல்றத கேளு" என்று வீடு முழுக்கக் கேட்டது.

மகன் கோப்பிக் கோப்பையோடு படிக்கட்டடியில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"அப்பா, is that அம்மா?"

"ஓம்," என்றேன். "உது அம்மாதான்."

அவன் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான். நானும் உட்கார்ந்தேன். மேலே அவள் அக்காவிடம் ஏதோ சொல்லி உரத்துச் சிரித்தாள்.